சினிமாவுக்கு ஒரு தொண்ணூறுகளின் கற்பனைக் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1990-க்கும் 1994-க்கும் நடுவில் ஏதோ ஒரு ஷோரூமில் நின்றிருக்கலாம் என்று நம்பவைக்கிற, ஆனால் உண்மையில் யாருமே தயாரிக்காத இரண்டு கதவு காரைத் திரைக்காக உருவாக்குவது பற்றிய பக்கம் இது. கலை இயக்குநர்கள், அவர்களுக்கு வரைந்து கொடுப்பவர்கள், 3டி மாடல் செய்பவர்கள், பட்டறையில் ஃபைபர் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள். சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

நிஜமான பழைய கார்கள் இருக்கும்போது கற்பனைக் கார் எதற்கு?

முதல் காரணம் காசு. அந்தக் காலத்து நல்ல கூப்பேக்கள் இன்று சேகரிப்பாளர்கள் கையில் இருக்கின்றன. அதை வாங்கி மதிலில் மோதவிட எந்தத் தயாரிப்பாளருக்கும் மனசு வராது. அடுத்தது, நிஜக் கார் தன்னுடைய கதையையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். டொயோட்டா சுப்ராவைத் திரையில் காட்டினால் பாதிப் பார்வையாளர்கள் கதாபாத்திரத்தை மறந்துவிட்டு எஞ்சினைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கற்பனைக் காருக்கு அந்தச் சுமை கிடையாது. வில்லனுக்கென்று எழுதினால் அது வில்லன் கார், அவ்வளவுதான். தன் பெயர் பொறித்த கார் திரையில் எப்படி வரலாம், யார் ஓட்டலாம் என்று கம்பெனி சொல்லும் நிபந்தனைகளும் இருக்காது.

ஸ்போர்ட்ஸ் கூப்பேக்கும் கிராண்ட் டூரருக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுக்கும் இரண்டு கதவுதானே?

உடம்பு வேறு. 1991-ல் வந்த மஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் வீல்பேஸ் (முன்சக்கர மையத்துக்கும் பின்சக்கர மையத்துக்கும் உள்ள தூரம்) 2425 மி.மீ., எடை சுமார் 1300 கிலோ. 1989-ல் ஃப்ராங்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமான பிஎம்டபிள்யூ 850ஐ-யின் வீல்பேஸ் 2684 மி.மீ., எடை அதைவிடக் கிட்டத்தட்ட அரை டன் அதிகம். பானெட்டுக்குள் 5 லிட்டர் வி12. முன்னது வளைந்து நெளிந்து போகும் மலைப்பாதைக்கு, பின்னது ஒரே மூச்சில் நாடு கடந்து போக.

திரைக்கதையின் கண்ணால் பார்த்தால் வித்தியாசம் இன்னும் எளிது. ஒருவர் தனியாக ஓட்டும் கார் கூப்பே. இருவர் உட்கார்ந்து பேசுகிற கார் கிராண்ட் டூரர். அதன் டிக்கியில் இரண்டு பேருக்கான பெட்டி இருக்கும். பின்சீட் என்று ஒன்று இருக்கும், ஆனால் அதில் கோட்டைத்தான் போட முடியும். எழுத்தாளர் எழுதியிருக்கும் கார் காட்சிகளில் எத்தனை வசனக் காட்சி, எத்தனை துரத்தல் என்று பிரித்துப் பாருங்கள். எந்த வகைக் கார் வேண்டும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? முன்பக்கமா, பக்கவாட்டா?

இரண்டும் இல்லை. கம்பெனியிலிருந்து ஆரம்பியுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பனைக் கார்கள் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் கோடுகள் அல்ல. எந்த இடத்திலும் பணம் போதாமல் போனதாகத் தெரியாததுதான் காரணம். எல்லா விளக்கும் அந்தக் காருக்காகவே செய்தது, எல்லாக் கைப்பிடியும் அதற்காகவே வார்த்தது, எல்லா வளைவும் வடிவமைப்பாளர் நினைத்தபடியே. நிஜத்தில் அப்படிக் கார் வருவதில்லை. ஒரு காரின் முகத்தில் அந்தக் கம்பெனியின் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

1993-ல் ஜெனீவாவில் காட்டப்பட்ட ஆஸ்டன் மார்ட்டின் டிபி7-ஐப் பாருங்கள். இயன் கேலம் வரைந்த அந்தக் காரை இன்றும் அழகான கிராண்ட் டூரர்களில் ஒன்று என்கிறார்கள். அடியில் இருப்பது ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ்ஸின் பழைய தளம், எழுபதுகளில் வந்தது. பின் விளக்குகள் மஸ்டா 323எஃப் என்ற சாதாரண ஐந்து கதவு காரிலிருந்து வந்தவை. அது ஏன் நடந்தது? ஆஸ்டன் மார்ட்டினும் ஜாகுவாரும் அப்போது ஃபோர்டின் கையில் இருந்தன, மஸ்டாவிலும் ஃபோர்டுக்குப் பங்கு இருந்தது. குடும்பத்துக்குள் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். கம்பெனி யாருடையது என்று தெரிந்தால் விளக்கு எங்கிருந்து வரும் என்பதும் தெரியும்.

இதற்கு நேர் எதிர் 1990-ன் ஹோண்டா என்எஸ்எக்ஸ். முழு உடம்பும் அலுமினியம். பணமும் பொறுமையும் இருந்த பெரிய கம்பெனி தன் திறமையைக் காட்டச் செய்த கார். உங்கள் கற்பனைக் கம்பெனி இந்த இரண்டில் எந்தப் பக்கம்?

ஆகவே ஒரு தாளில் இதையெல்லாம் முதலில் எழுதுங்கள்: கம்பெனி எந்த நாடு, வருடத்துக்கு எத்தனை கார் செய்கிறது, யாருக்குச் சொந்தம், இதற்கு முன் வந்த மாடல் என்ன, எஞ்சின் சொந்தமா வாங்கியதா, இந்தக் காரை யாரோடு போட்டிக்கு விடுகிறது. ஒரு வார்த்தைகூடத் திரையில் வராது. ஆனால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு கேள்விக்கும் அந்தத் தாள்தான் பதில் சொல்லும்.

பார்த்தவுடன் ‘தொண்ணூறுகளின் ஆரம்பம்’ என்று தெரிய என்ன செய்ய வேண்டும்?

எண்பதுகளின் கார் ஸ்கேல் வைத்து வரைந்தது போல இருக்கும். தொண்ணூறுகளுக்குள் வரும்போது அந்த முனைகள் எல்லாம் மழுங்கிவிடுகின்றன. காற்றைக் கிழித்துப் போகும் வடிவம் என்பது விற்பனைப் பேச்சாகவும் ஆகியிருந்தது. 1989-ன் ஓப்பல் காலிப்ரா தன் 0.26 என்ற காற்றுத்தடை எண்ணை வைத்தே பேர் வாங்கியது. டொயோட்டாவின் கலிஃபோர்னியா ஸ்டூடியோவான கால்ட்டியில், 1991-ல் லெக்ஸஸ் எஸ்சி என்றும் சோரர் என்றும் வந்த காருக்கு, பலூன்களுக்குள் பிளாஸ்டரை ஊற்றி வடிவம் தேடினார்கள். அந்தக் காரின் பக்கவாட்டில் நேர்க்கோட்டைத் தேடினாலும் கிடைக்காமல் போவதற்கு அதுதான் காரணம்.

பம்பர் இனி கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை இல்லை, உடம்பின் நிறத்திலேயே, உடம்போடு ஒட்டியே இருக்கும். கண்ணாடிகள் உலோகத்தோடு சமமாக உட்காரும். மழைநீர் வடியும் பட்டை மறைந்துவிடும். பானெட் தாழ்வாக இருக்கும், ஜன்னலின் அடிக்கோடும் தாழ்வாக இருக்கும், தூண்கள் மெலிதாக இருக்கும். இன்றைய வடிவமைப்பாளர்கள் அதிகம் தடுமாறுவது இந்தக் கடைசி விஷயத்தில்தான். இன்றைய காரில் கதவு உயரம், ஜன்னல் குறுகல். கண் அதற்குப் பழகிப்போனதால் கை தானாகவே ஜன்னலைக் குறுக்கிவிடுகிறது. அன்றைய கூப்பேயின் உள்ளே ஓட்டுபவரின் தோள்வரை வெளியிலிருந்து தெரியும்.

அடுத்த தவறு சக்கரம். என்எஸ்எக்ஸ் முதலில் வந்தபோது முன்னால் 15 அங்குலம், பின்னால் 16 அங்குலம். அவ்வளவு பெரிய 850ஐ-க்கே 16 அங்குலம்தான். 1993-ன் சுப்ரா டர்போவுக்கு 17 கிடைத்தபோது அது பெரிய சக்கரம். உங்கள் ஓவியத்தில் 20 அங்குலச் சக்கரம் போட்டால், மேலே எவ்வளவு உருண்டையாக வரைந்தாலும் அது இந்த வருடத்துக் கார்தான். டயரின் பக்கச்சுவர் கண்ணுக்குத் தெரியவேண்டும்.

எல்லாக் காரையும் சோப்புக் கட்டி போலச் செய்துவிடவும் வேண்டாம். அதே 1989-ல்தான் ஆல்ஃபா ரோமியோ எஸ்இசட் வந்தது, சதுரச் சதுரமாக ஆறு ஹெட்லைட்டோடு. 1993-ல் ஃபியட் கூப்பே வந்தது, சக்கரத்துக்கு மேலே கத்தியால் கீறியது போன்ற கோட்டோடு. காலத்தோடு ஒத்துப்போகாத கார்களும் அந்தக் காலத்துக் கார்களே. ஆனால் அப்படி ஒன்றை வரைய உங்கள் கம்பெனிக்கு ஒரு பிடிவாதம் இருக்கவேண்டும்.

பாப்-அப் ஹெட்லைட் வைக்கலாமா? இயக்குநர் அதைத்தான் கேட்கிறார்.

எல்லா இயக்குநரும் அதைத்தான் கேட்பார்கள்.

வைக்கலாம். ஆனால் அது ஏன் இருந்தது என்று தெரிந்து வையுங்கள். அமெரிக்காவில் 1940-லிருந்து 1983 வரை ஹெட்லைட் என்றால் குறிப்பிட்ட சில அளவுகளில் வந்த, உள்ளே எதையும் கழற்ற முடியாத சீல்டு பீம் மட்டும்தான். விளக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்திலாவது இருக்கவேண்டும் என்ற விதியும் இருந்தது. மூக்கைத் தாழ்வாக வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்துக்கும் கட்டுப்பட ஒரே வழி, விளக்கைப் புதைத்துவிட்டுத் தேவைப்படும்போது தூக்குவது. 1983-ல் விதி தளர்ந்த பிறகு பாப்-அப்பின் தேவை மெல்லக் கரைந்தது.

அதனால்தான் தொண்ணூறுகளின் ஆரம்பம் இரண்டும் கலந்த நேரம். என்எஸ்எக்ஸ், ஆர்எக்ஸ்-7, 850ஐ, 1992-ன் ஃபெராரி 456 எல்லாம் விளக்கைத் தூக்கின. நிசான் 300இசட்எக்ஸ் 1989-லேயே நிலையான சாய்ந்த விளக்குக்கு மாறிவிட்டது. மிட்சுபிஷி 3000ஜிடி பாப்-அப்போடு பிறந்து 1994 மாடலில் அதைக் கைவிட்டது. கதை 1991-லா 1994-லா என்பதைப் பொறுத்து, அதே கம்பெனியின் அதே கார் வேறு முகத்தோடு வரலாம். தொடர் ஒன்றில் வருடங்கள் நகருமானால் அந்த முகமாற்றத்தையே காலக்குறிப்பாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

செய்முறையில் கவனிக்கவேண்டியவை: கார் இரண்டு முகம் கொண்டது, மூடிய முகத்தை மட்டும் வரைந்துவிட்டு நிறுத்தாதீர்கள். திறந்தபோது அசட்டுத்தனமாக இருக்கும் கார்கள் நிறைய உண்டு. மோட்டாரும் இணைப்புக் கம்பியும் ஏதாவதொரு பழைய காரிலிருந்து முழுசாக எடுப்பது நல்லது. சொந்தமாகச் செய்தால் இரண்டு கண்ணும் ஒரே வேகத்தில் எழாது. ஒரு கண் அரைநொடி பிந்தினால் அரங்கம் சிரிக்கும். நகைச்சுவைக் காட்சி என்றால் சரி.

விளக்கின் நிறம் ஹாலஜனின் இளமஞ்சள். செனான் விளக்கு 1991-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில்தான் முதலில் வந்தது, அதனால் உங்கள் கூப்பேயில் நீலவெள்ளை ஒளி வரக்கூடாது. சூடு குறைவு என்று சொல்லி யாராவது எல்இடி பல்பு மாட்டினால், படம்பிடிக்கும் முன் கேமராவில் துடிப்பு வருகிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

பின் விளக்கைச் சொந்தமாகச் செய்வதா, கடையில் எடுப்பதா?

எடுங்கள். இது சிக்கனம் மட்டும் இல்லை, இதுதான் வரலாற்றுக்கும் உண்மை. சிறிய கம்பெனி ஒன்று சிவப்பு லென்ஸுக்கு அச்சுச் செய்து, ஒவ்வொரு நாட்டிலும் அனுமதி வாங்குவது என்பது பெருஞ்செலவு. அதனால் கடன் வாங்கினார்கள். ஆஸ்டன் மார்ட்டின் விராஜின் முன்விளக்கு ஆடி 200-ன் உடையது, பின்விளக்கு ஃபோக்ஸ்வாகன் சிரோக்கோவின் உடையது. லோட்டஸ் எஸ்பிரி 1987-க்குப் பிறகு டொயோட்டா கரோலாவின் பின்விளக்கோடு ஓடியது. ஜாகுவார் எக்ஸ்ஜே220, உலகின் வேகமான கார்களில் ஒன்று, ரோவர் 200-ன் பின்விளக்கை மாட்டிக்கொண்டிருந்தது. 1999-ல் லம்போர்கினி டியாப்லோவுக்கு நிலையான விளக்கு தேவைப்பட்டபோது நிசான் 300இசட்எக்ஸின் ஹெட்லைட்டை எடுத்தார்கள்.

பட்டறையில் இது எப்படி நடக்கும் என்று பார்ப்போம். ஏதோ ஒரு மறந்துபோன செடானின் பின்விளக்கு ஜோடியை வாங்குகிறீர்கள். முதலில் இடது விளக்கை வலதிலும் வலதை இடதிலும் தலைகீழாக வைத்துப் பாருங்கள். பாதி அடையாளம் அதிலேயே போய்விடும். தலைகீழாக வைத்தால் தண்ணீர் வடியும் துளை மேலே வந்துவிடும் என்பதால் அதை அடைத்துவிட்டுக் கீழே புதிதாக ஒன்று போடவேண்டும். மழைக்காட்சியில் லென்ஸுக்குள் நீர் தேங்குவது இதை மறப்பதால்தான். பிறகு விளக்கைச் சுற்றியுள்ள உடம்பை வரையுங்கள், விளக்குக்கு உடம்பு பொருந்தவேண்டும். அளவெடுத்த குழி, நான்கு பக்கமும் ஒரே இடைவெளி, ஓரத்தில் மெல்லிய கறுப்பு ரப்பர். இரண்டு விளக்குக்கும் நடுவே கருஞ்சிவப்பு அக்ரிலிக் பட்டை ஒன்று ஓடவிட்டால் அகலமும் கிடைக்கும், தொண்ணூறுகளின் வாசமும் வரும். இண்டிகேட்டர் பகுதி ஆரஞ்சாகவே இருக்கட்டும். அதை வெள்ளையாக்கும் மோகம் பின்னால் வந்தது.

கார் எந்த நாட்டில் ஓடுகிறது என்பது வடிவத்தை மாற்றுமா?

நிறையவே மாற்றும். நம்பர் பிளேட்டுக்கான குழியிலிருந்தே ஆரம்பிக்கும். ஐரோப்பியப் பிளேட் 520 மி.மீ. நீளம், 110 மி.மீ. உயரம். ஜப்பானியப் பிளேட் 330-க்கு 165. அமெரிக்கப் பிளேட் 12-க்கு 6 அங்குலம். குழியின் வடிவம் தப்பாக இருந்தால் கார் எங்கோ வேறு இடத்துக்குச் செய்தது என்று கண்ணுக்குப் பட்டுவிடும். ஏற்றுமதிக் கார் என்று நீங்களே தீர்மானித்து வேண்டுமென்றே அப்படி விட்டால் அது நல்ல நுணுக்கம்.

அமெரிக்கக் காருக்குப் பக்கவாட்டில் முன்னால் ஆரஞ்சு, பின்னால் சிவப்பு என்று சிறு விளக்குகள் கட்டாயம். 1986 மாடலிலிருந்து பின்கண்ணாடிப் பக்கம் மூன்றாவது பிரேக் லைட்டும் உண்டு. ஐரோப்பாவில் அது பல வருடம் பிந்தித்தான் கட்டாயமானது. அதனால் ஸ்பாய்லர் நடுவே பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்பதே ஊரைச் சொல்லும்.

ஜப்பான் உள்நாட்டுக் கார் என்றால் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட 280 குதிரைத்திறன் வரம்பு இருந்தது. எத்தனை சக்தி இருந்தாலும் தாளில் 280-தான். ஸ்பீடோமீட்டர் 180-ல் முடிந்துவிடும். அந்த நாட்டில் நடக்கும் துரத்தலில் முள் 240-ஐத் தொடுவதை க்ளோசப்பில் காட்டினால் தெரிந்தவர்கள் கடுப்பாவார்கள். ஜெர்மன் கார் என்றால் 250-ல் எலக்ட்ரானிக் கடிவாளம்.

அடியில் எந்தக் காரைப் போடுவது?

ஓடும் காரின் மேல் உங்கள் உடம்பைப் போர்த்துவதுதான் நடைமுறை. எந்தக் கார் என்று தேடும்போது எல்லோரும் வீல்பேஸைப் பார்க்கிறார்கள். அது சரிதான். மஸ்டா எம்எக்ஸ்-5-ன் 2265 மி.மீ. வீல்பேஸில் கிராண்ட் டூரர் வராது. நான்காம் தலைமுறைக் கார்வெட்டின் 2443 மி.மீ. கூப்பேக்கு அழகான அளவு. லெக்ஸஸ் எஸ்சியின் 2690 மி.மீ. பெரிய டூரருக்கு.

ஆனால் அதைவிட முக்கியம் இரண்டு. ஒன்று, முன்சக்கரத்தின் மையத்துக்கும் கதவு ஆரம்பிக்கும் இடத்துக்கும் உள்ள தூரம். பின்சக்கரம் ஓட்டும் காரில் அது நீளம், முன்சக்கரம் ஓட்டும் காரில் குறைவு. விலையுயர்ந்த கார் என்ற உணர்வைக் கண்ணுக்குத் தருவது பெரும்பாலும் அந்தத் தூரம்தான். முன்சக்கர ஓட்டக் காரின் மேல் நீள மூக்குக் கிராண்ட் டூரரைப் போர்த்த முயன்றால் சக்கரம் பின்னால் போய்விட்டது போலவே இருக்கும், எந்தப் பெயிண்டும் அதை மறைக்காது.

இரண்டாவது முன்கண்ணாடி. வளைந்த லேமினேட்டட் கண்ணாடியை ஒரே ஒரு காருக்காகச் செய்வது பட்ஜெட்டை விழுங்கிவிடும், உடைந்தால் மாற்றும் கிடையாது. எனவே அடியில் உள்ள காரின் முன்கண்ணாடியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதோடு தூணின் சாய்வும், வைப்பர் உட்காரும் இடமும், டேஷ்போர்டின் உயரமும் முடிவாகிவிடும். கதவின் உள்கூட்டையும் கீலையும் தொடவேண்டாம். கதவின் வெளித்தோலை மாற்றினால் போதும். இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகு வடிவமைக்க என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். டிபி7 வரைந்தவருக்கு இருந்த மிச்சம்தான்.

எத்தனை கார் செய்யவேண்டும்?

குறைந்தது இரண்டு: அருகில் படம் பிடிக்க எல்லா நுணுக்கமும் உள்ள ஒன்று, அடிபடுவதற்கு ஒன்று. வசனக் காட்சி அதிகம் என்றால் கூரையும் கதவும் கழற்றக்கூடிய, ஓடாத பாதிக் கார் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சிலிருந்து எல்லா ஃபைபர் பாகமும் எடுக்கப்படுவதால் இரண்டாவது உடம்புக்குச் செலவு முதலாவதைவிட மிகக் குறைவு. அச்சுக்குத்தான் காசு.

அந்தக் காலத்து மாதிரி மார்க்கரில் வரையவேண்டுமா, நேரே 3டியில் போகலாமா?

கருவி உங்கள் விருப்பம். ஒரே ஒரு பழைய பழக்கத்தை மட்டும் சிபாரிசு செய்வேன்: கறுப்பு டேப்பை நீட்டி நீட்டிச் சுவரில் ஒட்டி, காரின் பக்கவாட்டை நிஜ அளவில் போடுவது. கணினித் திரையில் நளினமாகத் தெரிந்த கூரைக்கோடு நாலரை மீட்டர் நீளத்தில் தொய்ந்திருப்பது அப்போதுதான் தெரியும். டேப்பைப் பிய்த்து மறுபடி ஒட்ட ஒரு நிமிடம். அச்சு எடுத்த பிறகு திருத்த ஒரு மாதம்.

உள்ளே என்ன இருக்கவேண்டும்?

உள்பக்கம்தான் நடிகரோடு ஒரே சட்டகத்தில் அதிகநேரம் இருக்கப்போகிறது, ஆனாலும் கடைசி வாரத்துக்குத் தள்ளப்படுவது அதுதான்.

டேஷ்போர்டு ஓட்டுநரை நோக்கி வளைந்திருக்கும். எண்பதுகளில் பச்சையாய் மின்னிய டிஜிட்டல் மீட்டர் மோகம் தணிந்து, கறுப்புப் பின்னணியில் முள் வைத்த வட்ட மீட்டர்கள் திரும்பி வந்த நேரம். இரவில் ஆரஞ்சு அல்லது பச்சை வெளிச்சம். கேசட் பிளேயர் உண்டு, சிடி சேஞ்சர் டிக்கியில் இருக்கும். பணக்காரக் கதாபாத்திரம் என்றால் நடுவே கம்பிச்சுருளோடு கார் போன். ஏர்பேக் வந்துவிட்டதால் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி தலையணை போல உப்பியிருக்கும். வடிவமைப்பாளர்கள் அதை வெறுத்து மெல்லிய பந்தய ஸ்டீயரிங் மாட்டிவிடுவார்கள். உப்பிய ஸ்டீயரிங்தான் 1992. அமெரிக்கக் கார் என்றால் கதவைச் சாத்தியதும் தானே தோளை நோக்கி ஓடிவரும் மோட்டார் பெல்ட் வைக்கலாம். 1990 மாடல் முதல் அங்கே அத்தகைய பெல்ட்டோ ஏர்பேக்கோ ஏதோ ஒன்று இருந்தே ஆகவேண்டும். நடிகருக்கு அது இலவசமாகக் கிடைக்கும் ஒரு நகைச்சுவை.

தொடுதிரை வேண்டும் என்று அடம்பிடிக்கும் இயக்குநருக்கு ஒரு நல்ல செய்தி: 1990-ல் மஸ்டா விட்ட யூனோஸ் காஸ்மோவில் தொடுதிரையும் செயற்கைக்கோள் வழிகாட்டியும் இருந்தன. ஆனால் அது பழைய டிவி மாதிரியான குழாய்த் திரை, படம்பிடிக்கும்போது கோடு ஓடும். பிளாட் ஸ்கிரீனைக் குழாய்த்திரைச் சட்டத்துக்குள் வைத்து, முன்னால் சற்றே வளைந்த அக்ரிலிக்கை ஒட்டிவிடுங்கள்.

ஒளிப்பதிவாளர் என்ன கேட்பார்?

கூரையைக் கேட்பார். தாழ்ந்த கூப்பேக்குள் வெளிச்சம் போகாது. கூரைத் தகடு கழற்றக்கூடிய டார்கா அமைப்பு அந்தக் காலத்தில் சகஜமாக இருந்ததால் கூச்சப்படாமல் வைத்துக்கொள்ளலாம். நடுத்தூண் இல்லாத பக்கவாட்டும் நல்லது. 850ஐ அப்படித்தான், இரண்டு ஜன்னலும் இறங்கினால் பக்கமெல்லாம் திறந்தவெளி. 1991-ன் சுபாரு எஸ்விஎக்ஸில் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ வைத்த ஜன்னலுக்குள் ஜன்னல் பார்க்க அபாரமாக இருக்கும். ஆனால் அந்தக் குறுக்குச் சட்டம் நடிகரின் முகத்தை வெட்டும், வசனக் காட்சிக்கு உதவாது.

அப்புறம் நிறம். கறுப்பு வேண்டாம் என்பார், அவர் சொல்வது சரி. உருண்டையான கறுப்பு உடம்பில் கேமராக் குழு முழுக்கத் தெரியும். மயில் பச்சை, அடர் ஊதா, ஒயின் சிவப்பு, முத்து வெள்ளை என்று அந்த வருடங்களில் தைரியமான நிறங்கள் நிறைய இருந்தன. வளைவைக் காட்டுவது மெட்டாலிக் பெயிண்ட்தான். தட்டையான நிறத்தில் உங்கள் உழைப்பு எதுவும் திரையில் தெரியாது.

பெயரும் பேட்ஜும்?

பெயர் எந்த மொழியிலும் கெட்ட அர்த்தம் தராமலும், யாருடைய பதிவு பெற்ற பெயராகவும் இல்லாமலும் இருக்கவேண்டும். எண்ணும் எழுத்துமாக வைப்பது பாதுகாப்பானது, காலத்துக்கும் பொருந்தும். எண்ணுக்கு அர்த்தம் இருக்கட்டும்: 3.2 என்றால் எஞ்சின் 3.2 லிட்டர். டிக்கியின் வலது மூலையில் ‘24 வால்வ்’, ‘ட்வின் டர்போ’, ‘4 வீல் ஸ்டீயரிங்’ என்று சின்ன எழுத்தில் பெருமையடிப்பது அந்தக் காலத்துப் பழக்கம். கம்பெனி காசு கொடுத்துக் கண்டுபிடித்ததை ஊருக்குச் சொல்லாமல் விடாது. கதையில் கார் விலை குறைந்த வகை என்றால், அந்த இடம் காலியாக இருப்பதே அதைச் சொல்லிவிடும்.

ஃபெராரி மாதிரி இருக்கட்டும் என்கிறார்கள். பேட்ஜ் இல்லையென்றால் பிரச்சினை இல்லைதானே?

பிரச்சினைதான். டேட்டோனா ஸ்பைடர், டெஸ்டரோசா இரண்டின் நகல் உடம்புகளைச் செய்து விற்றவர்மீது ஃபெராரி தொடுத்த வழக்கில் 1991-ல் அமெரிக்காவின் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஃபெராரிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. வடிவமே கம்பெனியின் அடையாளமாக மக்கள் மனதில் பதிந்துவிட்டால் அந்த வடிவத்துக்கே பாதுகாப்பு உண்டு என்பது அதன் சாரம். வீதியில் போகிறவர் உங்கள் காரைப் பார்த்து ஒரு கம்பெனியின் பெயரைச் சொன்னால் திருத்துங்கள். மூன்று வேறு கம்பெனிகளின் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அச்சு எடுப்பதற்கு முன்பே வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

சத்தம்?

அடியில் உள்ள காரின் சத்தத்தை அப்படியே விடாதீர்கள். கம்பெனித் தாளில் எழுதிய எஞ்சினின் சத்தத்தைப் பதிவு செய்து போடுங்கள். ஆறு சிலிண்டர் என்று பேட்ஜ் சொல்ல, நான்கு சிலிண்டர் உறுமினால் கேட்கிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதை இன்று நடக்கிறது, கார் முப்பது வருடப் பழையது. எப்படிப் பழசாக்குவது?

அழுக்கைப் பூசினால் அழுக்கான புதுக்காராகத்தான் இருக்கும். வெயில் எங்கே விழும் என்று பாருங்கள். கூரை, பானெட், டிக்கியின் மேல்பகுதி, ஸ்பாய்லரின் மேல்பக்கம் இவைதான் முதலில் போகும். நிறத்துக்கு மேலிருக்கும் பளபளப்புப் பூச்சான கிளியர் கோட் வெள்ளைத் திட்டுத் திட்டாக உரியும். கதவின் செங்குத்துப் பகுதி நன்றாகவே இருக்கும். பம்பர் பிளாஸ்டிக், உடம்பு உலோகம் என்பதால் இரண்டின் நிறமும் காலப்போக்கில் கொஞ்சம் பிரியும். அந்தச் சிறு வேறுபாடு மிக நம்பகமான வயசு.

ஹெட்லைட் மஞ்சளாவது பிளாஸ்டிக் லென்ஸ் உள்ள காருக்கு மட்டும். அமெரிக்கக் கார் என்றால் சரி. தொண்ணூறுகளின் ஆரம்பத்து ஐரோப்பியக் காரில் கண்ணாடி லென்ஸ் இருக்க வாய்ப்பு அதிகம். அது மஞ்சளாகாது, உள்ளே உள்ள வெள்ளிப்பூச்சுதான் மங்கும், கல் பட்ட புள்ளிகள் இருக்கும். உள்ளே ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் தேய்ந்து நுரை தெரியும். கியர் குமிழில் எண்கள் அழிந்திருக்கும். பக்கத்து சீட்டைத் தேய்க்கும் முன், இந்த ஆள் யாரையாவது கூட்டிக்கொண்டு போனாரா என்று எழுத்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்ததும் நான்கு பக்கமும் படமெடுத்து, அதே திட்டுகளை அதே இடத்தில் ஸ்டண்ட் காருக்கும் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எடிட்டிங் மேசையில் பானெட் திடீரென்று புதுசாகிவிடும்.